தண்டவாளத்தின் துருவும் பளபளப்பும்

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் வீட்டிலுள்ள சிறுவர்களின் கைகளுக்கு நாம் வேலை கொடுக்க வேண்டும். கொடாவிட்டால் அவை தாமாகவே வேலை தேடிக்கொள்ளும். இது பெற்றோர் யாவரும் அனுபவத்தில் அறிந்த உண்மை. சென்ற விடுமுறையில் எமது பேரனின் கைகளுக்கு வேலை கொடுத்தது, இலண்டனிலிருக்கும் அவனுடைய மாமன் அனுப்பிவைத்த ஒரு பெட்டி. அதனுள்ளே கைக்கு அடக்கமான ஒரு புகையிரத எஞ்சின், மூன்று பெட்டிகள், துண்டு துண்டான தண்டவாளங்கள், மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு கருவி ஆகியவை இருந்தன.

பழைய கதவொன்றை இரண்டு வாங்குகளின்மேற் கிடத்தி, அதன்மீது பாதையைப் பூட்டினோம். எஞ்சின் ஓடிற்று. வீட்டார் எல்லோரும் கூடிநின்று பார்த்தோம். முதலாம் நாள் ஆனந்தம்; இரண்டாம் நாளும் ஆனந்தம். மூன்றாம் நாள் மாலை, பையன் தரையிற் குந்தியிருந்து, கதவின் விளிம்போடு கண்ணை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். பிறகு எம்மிடம் கேட்டான்: “அப்பப்பா, எஞ்சின் உண்மையான எஞ்சின் மாதிரியே இருக்கிறது. பாதை மட்டும் ஏன் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது?”

நல்ல கேள்வி. தண்டவாளம் அடியிலிருந்து முடிவரை வெள்ளிக் கம்பிபோல மின்னிற்று. அதன் கீழிருந்த பிளாஸ்ரிக் கட்டைகள் புதுச் சப்பாத்தைப்போலக் கறுத்துப் பளபளத்தன. இவ்விரண்டு மினுக்கமுமே கண்ணை ஏமாறவிடாமல் தடுத்தன என்பது எமக்கு அப்போதே தோன்றிற்று. ஆனால் உண்மைப் பாதையின் நிறம் எது என்று பையன் திருப்பிக் கேட்டபோது, எம்மால் உடனே விடைகூற முடியவில்லை. எத்தனையோ முறை பிரயாணஞ் செய்திருக்கிறோம். தண்டவாளத்தை ஒருநாளாவது உற்றுப் பார்த்தோமா? இல்லை. ஆகவே மறுநாட் காலை இருவரும் குடையை எடுத்துக்கொண்டு எமது ஊர்ப் புகையிரதக் கடவைக்குப் புறப்பட்டோம்.

கடவையிற் கண்டவை

பாதைக்குள் இறங்கவில்லை. அது ஆபத்து, சட்டத்துக்கும் மாறானது. கடவைப் படலைக்கு வெளியே நின்றே பார்த்தோம். கையிலே ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுபோயிருந்தோம்.

முதலிற் கண்டது இது: தண்டவாளத்திற்கு ஒரு நிறம் அல்ல, இரண்டு நிறம். சக்கரம் உருளும் மேற்பரப்பைத் தலை என்றும், பக்கத்தை விலா என்றும் நாம் பெயர் வைத்துக்கொண்டோம். தலையிலே விரலளவு அகலத்துக்கு ஒரு வெள்ளிக்கோடு கண்ணைக் கூசச் செய்தது. விலாவோ முழுவதும் கபில நிறம். அந்தக் கபிலமும் ஒரேமாதிரியானதன்று. சில இடங்களில் காப்பித்தூளின் கறுப்போடு சேர்ந்த நிறம், மழைநீர் தங்கும் இடங்களிற் செங்காவி, திருகாணிகளைச் சுற்றிச் சற்றே செம்மஞ்சள்.

இரண்டாவது, கட்டைகள். எமது வடபகுதிப் பாதையில் இன்று கிடப்பவை கொங்கிறீற் கட்டைகள். அவற்றின் முனைகள் வெளிறிய சாம்பல் நிறம். தண்டவாளத்தை அண்டிய பகுதிகளிலோ தேநீர் சிந்தியதுபோன்ற கறை. மரக் கட்டைகள் உள்ள பாதைகளில் இதற்கு எதிர்மாறானதொரு காட்சியைக் காணலாம். புதிய மரக்கட்டை தார் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும். வெயிலும் மழையும் படப்பட அது வெளுத்து, நார் தெரிந்து, பழைய வேலிக்கட்டையைப்போலச் சாம்பல் பூத்துவிடும். ஒரு கட்டையைப்போல் இன்னொரு கட்டை இராது. இடையிலே ஒன்று உக்கிப்போய்ப் புதியதாக மாற்றப்பட்டிருந்தால், அது மாத்திரம் கறுப்பாகத் தனித்துத் தெரியும்.

மூன்றாவது, கருங்கற் சல்லி. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறமாகத் தெரிவது, அருகே வந்தால் தண்டவாளத்தின் இருமருங்கும் துருவின் தூள் படிந்து மங்கிக் கிடக்கிறது. பின்னர் புகையிரத நிலையத்து மேடையில் நின்று பார்த்தபோது, எஞ்சின் வந்து தரிக்கும் இடத்திலே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே எண்ணெய் சொட்டிக் கன்னங்கரேலென்று இருப்பதைக் கண்டோம். மேடையின் மறுமுனையில் அந்தக் கறை இல்லை. பையன் கொப்பியிற் குறித்துக்கொண்டான்: “கறுப்பு எஞ்சின் நிற்கும் இடத்தில் மட்டும்.”

நான்காவதாகக் கண்டதை அப்போது நாம் பெரிதாக எண்ணவில்லை. நிலையத்தின் ஓரத்தில் ஒரு பக்கப் பாதை கிடந்தது. வண்டிகள் அதிலே அபூர்வமாகவே ஓடுகின்றன போலும். அதன் தலையிலும் பளபளப்பு இல்லை. தலையும் விலாவும் ஒரே துரு நிறம்.

நிறத்தின் காரணம்

துரு என்பது இரும்பும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஈரமுங் கூடிப் பிறப்பது. இளந்துரு செம்மஞ்சளாக இருக்கும். நாட்செல்லச் செல்ல இருண்டு கருங்கபிலமாகும். உப்புக்காற்று இதனை விரைவுபடுத்தும். கடலை அண்டி ஓடும் கொழும்பு – காலிப் பாதையிற் பிரயாணஞ் செய்வோர் இதனைக் கண்ணாரக் காணலாம். தண்டவாளத்தின் தலையிலும் துரு பிடிக்காமல் இருப்பதில்லை; இரவு மழை பெய்தால் காலையில் மெல்லிய செம்படலம் படிந்திருக்கும். ஆனால் முதல் வண்டியின் சக்கரங்கள் அதனைத் தேய்த்துக்கொண்டு போய்விடும். வார்ப்பிரும்பாலான தடைக்கட்டைகள் சக்கரத்தோடு உரைசும்போது உதிரும் இரும்புத் தூளும் துருப்பிடித்தே கட்டைகளிலும் கல்லிலும் கபில நிறமாகப் படிகிறது. ஆகவே வண்டி வேகத்தைக் குறைக்கும் நிலையத்து அயலில் நிறம் கடுமையாகவும், வெட்டவெளியில் இலேசாகவும் இருப்பது இயல்பு.

மாதிரித் தண்டவாளமோ துருப்பிடிப்பதில்லை. இன்று பெரும்பாலும் அது ‘நிக்கல் சில்வர்’ என்னும் உலோகத்தினாற் செய்யப்படுகிறது. பெயரில் வெள்ளி உண்டு. பொருளில் வெள்ளி இல்லை. செம்பு, நாகம், நிக்கல் ஆகிய மூன்றின் கலப்பு அது. மின்சாரத்தைக் கடத்துவதற்கும் நீண்டநாள் சுத்தமாக இருப்பதற்கும் அது நல்லது. ஆனால் அந்த நற்குணமே தோற்றத்துக்குக் குறையாகிறது. இரும்பு தானாகப் பெறும் முதுமையை இதற்கு நாம் கையினாற் கொடுக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. எமது பேரனுக்கு வந்தது ‘ஓஓ’ எனப்படும் அளவு. உண்மையின் 76 இல் ஒரு பங்கு. மாதிரித் தண்டவாளத்தின் உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக அளந்து ‘கோட்’ எண்ணாகக் குறிப்பது வழக்கம். ‘கோட் 100’ என்றால் 2.54 மில்லிமீற்றர். அதனை 76 ஆற் பெருக்கினால் 19 சென்ரிமீற்றருக்குமேல் வரும். உண்மைத் தண்டவாளங்களிற் பல 14, 15 சென்ரிமீற்றர் உயரமானவை. ஆகவே விளையாட்டுத் தண்டவாளம் தேவைக்குமேல் உயரமானது. ‘கோட் 75’ இந்தக் குறையை ஏறக்குறைய நீக்கிவிடும். ஆனால் கையிலுள்ளது ‘கோட் 100’ என்றால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. விலாவுக்கு மங்கிய கபிலம் பூசியவுடன் உயரம் நிழலுக்குள் மறைந்து, தலையிலுள்ள மெல்லிய வெள்ளிக்கோடு மாத்திரமே கண்ணுக்குத் தெரியும். தண்டவாளம் பாதியாக மெலிந்தது போன்ற தோற்றம் உண்டாகும்.

முன்னே சென்றவர்கள்

இது சிறுபிள்ளை வேளாண்மை என்று எவரும் எண்ண வேண்டாம். பெரியவர்கள் பலர் தம் வாழ்நாளையே இதற்குக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மொன்ரரே என்னும் ஊரில் வாழ்ந்த ஜோன் அலன் என்பவர் தொழிலாற் புகைப்படக்காரர். அவருடைய காலத்தில் மாதிரிப் புகையிரதக்காரர் பலரும் தமது எஞ்சின்களைக் கண்ணாடிபோல மினுக்கி வைப்பதையே பெருமையாகக் கொண்டிருந்தனர். அவரோ புகை, துரு, தூசி, ஒழுகிய எண்ணெய் ஆகியவற்றை வேண்டுமென்றே தீட்டினார். படம் பிடிக்கும் கண்ணுக்குப் புதுமையின் மினுக்கம் பொய்யாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அமைத்த பாதைக்கு ‘கோர் அன்ட் டஃபீற்றட்’ என்று பெயர். விரைவாகச் சொன்னால் ‘இரத்தந் தோய்ந்து தோற்றுப்போனது’ என்று பொருள்படும் சிலேடை அது. 1973 ஆம் ஆண்டில் அவர் காலமானார். சில நாட்களுக்குள் நேர்ந்த தீவிபத்தில் அந்தப் பாதையும் அழிந்தது. அவர் காட்டிய முறை மாத்திரம் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

இங்கிலாந்தில் ரோய் இங்கிலண்ட் என்பவர் வேறொரு நோக்கத்தோடு இதே கலையைக் கையாண்டார். 1925 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து அங்கு சென்ற அவர், பழைய கிராமத்து வீடுகள் கண்முன்னே மாறிப்போவதைக் கண்டு வருந்தினார். மறைவதை மாதிரியிலாவது காப்பாற்ற வேண்டும் என்று தொடங்கிய முயற்சியே, 1954 இல் லோங் விற்றன்காம் என்னும் கிராமத்தில் உருவான பென்டன் நூதனசாலை. 1920, 1930 களின் நாட்டுப்புறமும் புகையிரதப் பாதையும் அங்கே சின்னஞ்சிறிய உருவில் உயிர்வாழ்கின்றன. விளையாட்டு சரித்திரமாகவும் ஆகலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

வேலைக்கு முன்னர்

இனி வேலைக்கு வருவோம். தேவையான பொருள்கள் அதிகமில்லை. மினுக்கமில்லாத பெயின்றிலே கபிலம், கறுப்பு, வெள்ளை, செங்காவி ஆகிய நான்கு நிறங்கள், அரை அங்குல அகலமான ஒரு தூரிகை, மெல்லிய தூரிகை ஒன்று, பழைய பருத்தித் துணி, சிறு மரத்துண்டு, நிறங் கலக்க இரண்டு சிரட்டைகள். நீரிற் கரையும் அக்கிறிலிக் பெயின்ற் சிறுவர்களுக்கு உகந்தது. எனாமல் பெயின்றை உபயோகிப்பதானால் யன்னல்களைத் திறந்துவிட வேண்டும். அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தலாகாது. பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

பூசுவதற்கு முன் பாதை முழுவதிலும் வண்டியை ஓட்டிப் பாருங்கள். பூட்டிற் பிழை இருந்தால் இப்போதே திருத்துவது சுலபம். பிறகு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கையெண்ணெய்ப் பசை போகும்படி சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் பாதையைத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள இடத்திற் பெயின்ற் பிடியாது.

பாதை பிரியும் இடத்திலே அசையும் நாக்குத் தண்டவாளங்கள் உண்டு. அந்த நாக்கு மற்றத் தண்டவாளத்தோடு முட்டும் உட்பக்கத்திலும், அது திரும்பும் மூட்டிலும் பெயின்ற் படவே கூடாது. கடதாசி நாடாவால் அவ்விடங்களை மூடிவிடுங்கள். இந்த எச்சரிக்கையை மறந்தவர்களுக்கு என்ன நேரும் என்பதைப் பின்னே சொல்வோம்.

பூசும் முறை

முதலில் விலா. நாலு பங்கு கபிலத்தில் ஒரு பங்கு கறுப்பும், தூரிகை நுனியளவு செங்காவியுஞ் சேர்த்துக் கலக்குங்கள். செங்காவியை அள்ளிப்போட ஆசை வரும், அடக்குங்கள். துரு என்றவுடன் எமது மனம் செம்மஞ்சளை நினைக்கிறது. கண்ணோ கடவையிற் கண்டது கருங்கபிலத்தையே. தண்டவாளத்தின் நீளத்துக்குத் தூரிகையை இழுத்து, உட்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் பூசுங்கள். ஒரு சாண் நீளம் பூசியவுடன் நிறுத்தி, மரத்துண்டிற் சுற்றிய துணியால் தலையை ஒருமுறை அழுத்தித் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைப்பது ஒரு நொடி வேலை. காய்ந்தபின் துடைப்பது ஒரு நாள் வேலை.

அடுத்தது கட்டைகள். கறுப்போடு வெள்ளையும் சிறிது கபிலமுஞ் சேர்த்துச் சாம்பல் நிறமாக்கி எல்லாக் கட்டைகளுக்கும் ஒருமுறை பூசுங்கள். சுத்தக் கறுப்பை எங்கும் உபயோகிக்க வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்கும்போது உலகத்திற் கறுப்பும் சற்றே சாம்பலாகத்தான் தெரிகிறது. சிறிய உருவம் என்பது தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமானம். மரக்கட்டையாயின், காய்ந்தபின் பத்தில் மூன்று கட்டைகளை ஒழுங்கில்லாமற் தெரிந்தெடுத்துச் சற்று வெளிறிய நிறமும், வேறு ஒன்றிரண்டுக்குச் சற்று இருண்ட நிறமும் கொடுங்கள். ஒழுங்காக ஒன்றுவிட்டு ஒன்று பூசினால் அது பாதையாகாது, பன்னப்பாய் ஆகிவிடும்.

மூன்றாவது, சல்லி. உண்மையிற் கருங்கற் சல்லி ஏறக்குறைய 50 மில்லிமீற்றர் பருமன். 76 இல் ஒரு பங்காக்கினால் ஒரு மில்லிமீற்றரிலுங் குறைவு. ஆற்றுமணலைக் கழுவி உலர்த்தித் தேநீர் வடியில் அரித்தெடுத்தால் போதும். கடல்மணல் வேண்டாம், அதிலுள்ள உப்பு உலோகத்தைக் கெடுக்கும். எந்த மணலானாலும் அதன்மேல் ஒரு காந்தத்தைக் கொண்டுசெல்லுங்கள். இரும்புத் தன்மையுள்ள கருந்துகள் மணலிற் கலந்திருந்தால், அது எஞ்சினின் மோட்டரிலுள்ள காந்தத்தில் ஒட்டிக்கொண்டு பெருந்தொல்லை தரும்.

மணலைக் கட்டைகளின் நடுவே பரப்பி, உலர்ந்த தூரிகையாற் சமப்படுத்துங்கள். கட்டைகளின் மேற்புறம் தெரிய வேண்டும். மெதுவாக நீர் தெளித்து நனைத்தபின், மரவேலைக்காரர் உபயோகிக்கும் வெள்ளைப் பசையைச் சம அளவு நீரிற் கரைத்து, ஒரு துளி பாத்திரங் கழுவும் சவர்க்கார நீருஞ் சேர்த்து, மருந்து விடும் குழாயினாற் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சவர்க்காரம் சேர்ந்த பசை மணலைக் கலைக்காமல் உள்ளே ஊறும். நாக்குத் தண்டவாளத்தின் அயலில் பசையை மிகக் குறைவாக விடுங்கள். ஓரிரவு முழுவதும் காயட்டும்.

கடைசியாகத் தூசி. இதுவே மூன்றையும் ஒன்றாக்குவது. கபிலப் பெயின்றில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் விட்டுக் கரைத்து, தண்டவாளத்தின் இருமருங்கும் இலேசாகத் தடவுங்கள். நிறக்கட்டியை அரத்தாளில் உரைசிப் பெறும் தூளையும் உலர்ந்த தூரிகையாற் தூவலாம். நிலையத்தில் எஞ்சின் தரிக்கும் இடத்தில் மாத்திரம் நடுவே கறுப்புக் கறை இடுங்கள். எல்லா இடத்திலும் எல்லா அழுக்கும் வேண்டாம். ஒவ்வோர் அழுக்குக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். பார்ப்பவர் கேட்டால் “இது இன்னதனால் வந்தது” என்று சொல்ல முடியாத கறையைத் துடைத்துவிடுங்கள்.

நாம் செய்த பிழை

இவ்வளவும் கற்றபின் எழுதுகிறோம். முதன்முறை இப்படிச் செய்யவில்லை. பையன் உறங்கியபின், அவனுக்கு ஆச்சரியம் காட்ட வேண்டும் என்னும் ஆவலில் ஓரிரவிலேயே முழுப் பாதைக்கும் பூசினோம். துடைப்பதைக் காலையிற் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினோம். நாக்குத் தண்டவாளங்களையும் மூடவில்லை. நிறமோ செம்மஞ்சள், பாதை முழுவதும் பப்பாளிப்பழம் பிசைந்து பூசியதுபோல இருந்தது.

விடிந்தது. பையன் ஓடிவந்தான். மின்சாரத்தைக் கொடுத்தான். எஞ்சின் அசையவில்லை. காரணம் வெளிப்படை: மாதிரி எஞ்சின் 12 வோல்ற் மின்சாரத்தைத் தண்டவாளத்தின் தலையிலிருந்தே சக்கரத்தின்மூலம் பெறுகிறது. பெயின்ற் மின்சாரத்தைக் கடத்தாது. தலையைப் பூசுவது விளக்கின் கம்பியை வெட்டுவதற்குச் சமானம். அவசரத்தில் அரத்தாளை எடுத்துத் தேய்த்தோம். அது இரண்டாம் பிழை. பெயின்ற் போயிற்று, ஆனால் உலோகத்திற் கீறல்கள் விழுந்தன. அந்தக் கீறல்களில் அழுக்குச் சேர்ந்து, அந்தத் துண்டில் எஞ்சின் இன்றுவரை விக்கி விக்கித்தான் ஓடுகிறது. இரும்புப் பஞ்சினால் தேய்ப்பதும் கேடு. அதன் நுண்ணிய நார்களை மோட்டரிலுள்ள காந்தம் இழுத்துக்கொள்ளும். பென்சில் எழுத்தை அழிக்கும் இறப்பர்த்துண்டே போதுமானது. அதனைப் பின்னரே அறிந்தோம். நாக்குத் தண்டவாளம் ஒன்றை முற்றாக மாற்ற வேண்டியதாயிற்று.

பையன் அழவில்லை. “பரவாயில்லை, அப்பப்பா” என்றான். அந்தச் சொல்லைத் தாங்குவதைவிட அவன் அழுதிருந்தாற் தாங்கியிருப்போம். பிள்ளையின் வேலையைப் பிள்ளை உறங்கும்போது செய்து முடிப்பது அன்பன்று. அவனுடைய பங்கைத் திருடுவது. பெற்றோர் இதனைக் கவனிப்பார்களாக. அடுத்தமுறை தூரிகை அவன் கையில் இருந்தது. துணி மாத்திரமே எமது கையில் இருந்தது. அவன் பூசினான், நாம் துடைத்தோம். ஐந்து மாலைகளில் வேலை ஒப்பேறிற்று.

வண்டி ஓடாத பாதை

ஐந்தாம் நாள் மாலை எமது மகன், அதாவது பையனின் தகப்பன், வேலை முடிந்து வந்து எமக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நிலையத்தின் ஓரத்தில் ஒரு சிறு பக்கப் பாதை வைத்திருந்தோம். அதன் தலையை நாம் துடைக்கப்போன சமயத்தில், “ஐயா, அதைத் துடைக்க வேண்டாம். ஓடாத பாதையின் தலை மினுங்காது” என்றான்.

கடவைக்கு வராதவன் இதனை எவ்வாறு அறிந்தான் என்று திரும்பிப் பார்த்தோம். “நான் பார்த்து வளர்ந்தது அந்தத் தண்டவாளத்தைத்தானே” என்றான்.

1905 ஆம் ஆண்டிற் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை முழுமை பெற்ற பாதை அது. 1956 முதல் யாழ்தேவி ஓடிய பாதை. இளமையில் முதல் உத்தியோகத்துக்குப் போவதற்கு நாம் இரவு மெயிலேறிய பாதை. எமக்குத் தண்டவாளம் என்றால் பளபளப்பு. தூரத்தில் வண்டி வருமுன்னே வெயிலில் மின்னும் இரண்டு கோடுகள். 1990 இல் வண்டி நின்றது. அப்போது மகனுக்கு ஐந்து வயது. அவன் பள்ளிக்கூடம் போய்வந்த வழியிற் கண்டது, மெல்ல மெல்லச் சிவந்து, பின் கறுத்து, புல்லுக்குள் மறைந்த தண்டவாளத்தை. பின்னர் அதுவும் இல்லை. தண்டவாளங்களும் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 இல் காங்கேசன்துறைக்கும் புதிய பாதையில் வண்டி மீண்டும் வந்தபோது, அவன் ஒரு குழந்தைக்குத் தகப்பனாகும் வயதை அடைந்துவிட்டான். கடவையிலே கொப்பியும் பென்சிலுமாக நின்று நாம் கற்றதை, அவன் பள்ளிக்கூடம் போன வழியிலேயே கற்றிருந்தான்.

மெல்லிய தூரிகையை அவனிடம் கொடுத்தோம். வாங்கின் ஓரத்தில் அமர்ந்து, பக்கப் பாதையின் தலையை அவனே பூசினான். செம்மஞ்சள் ஒரு துளிகூட இல்லை. கருங்கபிலம், அதன்மேற் தண்டவாளத்தின் நடுவே பச்சைத் தூள் சிறிது, புல் என்று. பையன் தகப்பனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஏனப்பா, இதில் வண்டி வராதா?” என்று கேட்டான். “வராது. மற்றதில் வரும்” என்று தகப்பன் கூறினான்.

பக்கப் பாதை அவ்வாறே இருக்கிறது. பிரதான பாதையின் தலையை நாம் இப்போது மினுக்குவதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வண்டியை ஓட்டினாற் போதும். சக்கரங்களே அதனை மினுக்கி வைக்கின்றன. சில வாரம் ஓட்டாமல் விட்டால் தலை மங்குகிறது, எஞ்சின் தயங்குகிறது. துருவைத் தூரிகையாற் தீட்டலாம். கட்டையின் முதுமையையும், கல்லின் கறையையும் தீட்டலாம். தலையிலுள்ள அந்த வெள்ளிக்கோட்டுக்கு மாத்திரம் எந்தக் கடையிலும் பெயின்ற் இல்லை. அது வண்டி ஓடுவதால் வருவது.

மாணவ நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வேலையைத் தொடங்க எண்ணுவோர் முதலிற் பெயின்ற் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம். அருகிலுள்ள கடவைக்குப் பெரியவர் ஒருவரோடு போய், படலைக்கு வெளியே நின்று, கண்டதைக் கொப்பியில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பெரியவரிடம், தாம் சிறுவயதிற் கண்ட தண்டவாளம் எந்த நிறமாக இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.